படத்தில் வராத கப்பல்

ஆயக்குடியில் கடல் இல்லை. தெற்கே பழனிமலைத் தொடர், சுற்றிலும் கொய்யாத் தோப்பு, மழை பெய்தால் நிரம்புகிற கண்மாய். எங்கள் ஊரின் நீர் இவ்வளவுதான். நான் முதலில் பார்த்த கடல், டூரிங் டாக்கீஸ் திரையில் பார்த்த கடல். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 1965 ஜூலையில் வெளியான படம். எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேரச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்குள் பிரதி தேய்ந்து, கப்பல் போகிற காட்சியெல்லாம் மழையில் போவது மாதிரி இருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர். அடிமைகளைக் கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோகிற இடத்தில் என் தோளைத் தட்டி, "ஏண்டா தம்பி, இது பினாங்கா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இது கன்னித்தீவு தாத்தா" என்றேன். தினத்தந்தியில் 1960 முதல் கன்னித்தீவு படக்கதை வந்துகொண்டிருந்ததால் அந்தப் பெயர் எனக்குப் பரிச்சயம். கிழவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிய எனக்கு இருபது வருஷம் பிடித்தது. இந்தக் கட்டுரை அதைப்பற்றித்தான்.

*

'ஆயிரத்தில் ஒருவன்' எங்கிருந்து வந்தது என்பது ரகசியமில்லை. 1935 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'காப்டன் பிளட்'. இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ், ஹங்கேரியிலிருந்து போனவர். கதாநாயகன் எரோல் ஃப்ளின், அதற்கு முன் பெயர் தெரியாத 26 வயதுப் பையன். கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலண்ட், வயது 19. இசை வியன்னாவிலிருந்து வந்த கோர்ன்கோல்ட். மூன்று வாரத்தில் முடித்துக்கொடுக்க வேண்டியிருந்ததால் இடையிடையே லிஸ்டின் இசையையும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. மௌனப் படக் காலத்தில் கடல் சண்டை பெரிய கவர்ச்சி. ஒலி வந்ததும் மைக்குக்குப் பயந்து காமிராக்கள் அறைக்குள் அடங்கின. 'காப்டன் பிளட்' அந்த அடைப்பை உடைத்து வெளியே வந்தது. ஆனால் வந்த விதம் வேடிக்கை. பெரும்பாலும் ஸ்டூடியோத் தொட்டியில் பொம்மைக் கப்பல். மேலும், 1924-ன் மௌனப் படமான 'ஸீ ஹாக்'கிலிருந்து வெட்டி ஒட்டிய கடல் சண்டைத் துண்டுகள். பேசாத கடல்தான் பேசும் படத்துக்கும் உதவியது.

கதை ரஃபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய நாவல். பீட்டர் பிளட் என்ற வைத்தியன், காயம்பட்ட கலகக்காரன் ஒருவனுக்கு மருந்து போடுகிறான். அது ராஜத் துரோகம். மரண தண்டனை. பிறகு, தூக்கில் போடுவதைவிட விற்பது லாபம் என்று அரசனுக்குத் தோன்ற, மேற்கிந்தியத் தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறான். ஏலத்தில் அவனைக் கதாநாயகி பத்துப் பவுனுக்கு வாங்குகிறாள். ஸ்பானியர்கள் துறைமுகத்தைத் தாக்குகிற குழப்பத்தில் அடிமைகள் ஸ்பானியக் கப்பலையே பிடித்துக்கொண்டு தப்புகிறார்கள். வைத்தியன் கொள்ளைக்காரன் ஆகிறான். இங்கிலாந்தில் அரசன் மாறுகிறான். கொள்ளைக்காரன் கவர்னர் ஆகிறான்.

இதில் கற்பனை எவ்வளவு? நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1685 ஜூலையில் செட்ஜ்மூர் சண்டையில் மன்மத் பிரபுவின் கலகம் தோற்றது. ஜெஃப்ரீஸ் என்ற நீதிபதி ஊர் ஊராகப் போய்த் தீர்ப்புச் சொன்னான். நூற்றுக்கணக்கானவர்கள் தூக்கில் தொங்கினார்கள். 800 பேருக்கு மேல் பத்து வருஷ அடிமைகளாக மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஹென்றி பிட்மன் என்று நிஜமான ஒரு வைத்தியன் உண்டு. பார்படோஸிலிருந்து சின்னப் படகு ஒன்றில் தப்பி, ஊர் திரும்பி, 1689-ல் தன் அனுபவத்தை அச்சிட்டான். சபாட்டினியின் நாவலுக்கு விதை அது. ஆக, ஒரு சமூகம் தன் தோல்வியை மறக்காமல் எழுதிவைத்தது. 230 வருஷம் கழித்து ஒரு நாவலாசிரியன் அதைக் கதையாக்கினான். இன்னொரு 13 வருஷத்தில் அமெரிக்கா அதைப் படமாக்கியது. 30 வருஷத்தில் அது ஆயக்குடி மணலுக்கு வந்தது. அதில் நடித்த ஃப்ளின் பிறந்தது டாஸ்மேனியாவில், ஹோபர்ட்டில். அதுவும் ஒரு காலத்தில் இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலேற்றிக் கொட்டிய தீவு.

படத்தின் பொய்யையும் சொல்லிவிட வேண்டும். ஜமைக்காவின் சந்தைகளில் விற்கப்பட்டவர்கள் முக்கியமாக ஆப்பிரிக்கர்கள், லட்சக் கணக்கில். 'காப்டன் பிளட்' ஏலக் காட்சியில் நம் மனசைப் பிழிவது வெள்ளைக்காரனின் அவமானம் மட்டுமே. வெள்ளைத் தோல் அடிமையானால் அது கதை. கறுப்புத் தோல் அடிமையானால் அது பின்னணி. முடிவும் அப்படித்தான். கெட்ட அரசன் போய் நல்ல அரசன் வந்துவிட்டான், ஆகவே கலகம் முடிந்தது. அடிமைகளை வாங்கிய ஊருக்கே அடிமையாக இருந்தவன் கவர்னராகிறான். சந்தையை யார் மூடுவது என்ற கேள்வி எழுவதில்லை.

*

பந்துலு என்ன செய்தார்? பீட்டர் பிளட்டை மணிமாறன் ஆக்கினார். வைத்தியன் என்பதை மாற்றவில்லை. இங்கிலாந்தை நெய்தல் நாடு ஆக்கினார். சங்கத் திணைப் பெயரைக் கடலுக்கு ஒட்டவைத்த சாமர்த்தியம். நம்பியார் கொடுங்கோலன். மனோகர் தீவின் எஜமான். ராமதாஸ் கடற்கொள்ளைக்காரன். ஆர். கே. சண்முகத்தின் வசனம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி சேர்ந்து இசையமைத்த காலத்தின் கடைசிப் படம். எம்.ஜி.ஆருக்கு அப்போது வயது 48, ஃப்ளினைவிட 22 கூடுதல். ஜெயலலிதாவுக்கு 17. இருவரும் சேர்ந்து நடித்த முதல் படம். ஒருவர் 1977-லும் மற்றவர் 1991-லும் முதலமைச்சர் ஆனார்கள் என்பதால், இந்தப் படத்தைப் பார்க்கிற இன்றைய கண்ணுக்கு அது வெறும் படமாக இருக்க மறுக்கிறது. 2014-ல் டிஜிட்டலாகப் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் மறுபடியும் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது.

கடற்காட்சிகளுக்காகப் படக்குழு கார்வார் வரை போயிற்று. தொட்டிக் கடலை நம்பிய ஹாலிவுட்டை விட இந்த விஷயத்தில் பந்துலு யோக்கியர். அடிமைகள் கப்பலின் மேல்தளத்தில் நின்று விடுதலையைப் பற்றிக் கூட்டமாகப் பாடுகிறபோது, பின்னால் அசைவது நிஜக் கடல். அந்தப் பாட்டில் கதை நின்றுபோகிறது என்று என்னைப் போன்றவர்கள் ஃபிலிம் சொசைட்டி நாட்களில் பரிகசித்ததுண்டு. மதுரையில் ஒரு சங்கத்தில் 'காப்டன் பிளட்' பிரதியைப் பார்த்துவிட்டு வந்த இரவு, பந்துலுவைத் திருடர் என்று மூன்று பக்கம் எழுதினேன். நல்லவேளை, அதை யாரும் பிரசுரிக்கவில்லை. திருட்டு இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் திருடியது ஒரு விஷயம். எதைத் திருடாமலே எடுத்திருக்கலாம் என்பது வேறு விஷயம். முக்கியமான கேள்வி இரண்டாவது.

ஏனென்றால் இதே பந்துலு, இதே பத்மினி பிக்சர்ஸ், 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தார்கள். 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார்கள். முதல் படம் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்குக் கயிற்றில் முடிகிறது. இரண்டாவது படத்தின் நடுவில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறக்கிறது. முதல் படம் பெரும் வெற்றி. இரண்டாவது படம், பிற்பாடு எல்லோரும் மதிக்கிற படம், அப்போது நஷ்டம். நிஜமான கப்பலை ஜனங்கள் பார்க்க வரவில்லை. நான்கு வருஷம் கழித்து அவரே கற்பனைக் கப்பலை மிதக்கவிட்டார், அது ஓடியது. இதில் ஜனங்களைக் குறைசொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. வ.உ.சி.யின் கப்பல் கரை சேராத கப்பல். நாற்பது வருஷ தண்டனை, செக்கு, விடுதலையானபோது வாசலில் கூட்டமில்லை. தோல்வியைக் காசு கொடுத்துப் பார்க்க யாருக்கும் பிரியமில்லை. 1965 வேறு: ஜனவரியில் மொழிப் போராட்டம், துப்பாக்கிச் சூடு. விலங்கை உடைத்துக்கொண்டு கப்பலைப் பிடிக்கிற கதைக்கு அந்த வருஷம் ஒரு பசி இருந்தது. இரண்டு வருஷத்தில் ஆட்சியே மாறியது.

ஆனால் 1799-க்கும் 1906-க்கும் நடுவில் இன்னொரு கப்பல் இருக்கிறது. மூன்று படங்கள் எடுத்தவர் அதைத் தொடவில்லை. நாமும் தொடவில்லை.

*

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, சத்திரப்பட்டி தாண்டினால் விருப்பாட்சி. ஆயக்குடியும் விருப்பாட்சியும் திண்டுக்கல் சீமையின் பாளையங்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து இந்தச் சீமை கம்பெனிக்குப் போனது. வேலு நாச்சியாருக்கு இடங்கொடுத்தவர் விருப்பாட்சி கோபால நாயக்கர். அதே மனிதர் 1800-ல் கம்பெனிக்கு எதிராகத் திண்டுக்கல்லையும் கோயமுத்தூரையும் சிவகங்கையையும் ஒரே நூலில் கட்டப் பார்த்தார். கோயமுத்தூர்க் கோட்டையைப் பிடிக்கிற திட்டம் 1800 ஜூனில் தோற்றது. 1801-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை.

தூக்கு முடிந்தது. பிறகு? மிச்சமிருந்தவர்களை என்ன செய்வது என்று கம்பெனிக்கும் ஜேம்ஸ் மன்னனுக்குத் தோன்றியதே தோன்றியது. 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியில், 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் 70 பேருக்கு மேல் ஏற்றப்பட்டார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் அதில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஒருவன்; மீசை முளைக்காத பையன். கப்பல் போன இடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. 1786-ல் கம்பெனி கைப்பற்றி வைத்த பெயர் அது. நம் ஜனங்கள் சொல்லும் பெயர் பினாங்கு.

இதை நான் படித்தது, ராஜய்யன் 1971-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்தியக் கலகம் பற்றிய புத்தகத்தில். படித்துக்கொண்டிருக்கும்போதே டூரிங் டாக்கீஸ் கிழவர் என் தோளைத் தட்டினார். கலகக்காரர்கள், தீர்ப்பு, கப்பல், தீவு. நம்முடைய 'காப்டன் பிளட்' நம்மிடமே இருந்திருக்கிறது. செட்ஜ்மூரில் தோற்றவர்களை இங்கிலாந்து எப்படிக் கப்பலேற்றியதோ அப்படியே, 117 வருஷம் கழித்து, அதே இங்கிலாந்து இவர்களைக் கப்பலேற்றியது. தன் சொந்த ஜனங்கள்மேல் பழகிய கையை நம்மேல் வைத்தது. நாம் அந்தக் கதையை அவர்கள் ஸ்டூடியோவிலிருந்து கடன் வாங்கிக்கொண்டோம்.

பினாங்கைப் பற்றி இன்னொன்று. அந்தத் தீவிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை கெடா. அதாவது கடாரம். 1025-ல் ராஜேந்திரன் கப்பல் அனுப்பி வென்றதாக மேடைதோறும் முழங்குகிறோமே, அந்தக் கடாரம். சோழன் கொண்ட கரையைத் தினமும் பார்த்துக்கொண்டு பாளையக்காரர் பிள்ளைகள் கைதிகளாக இருந்தார்கள். நம் சரித்திர நாவல்களுக்கு 1025 தெரியும், 1802 தெரியாது. போன கப்பலுக்கும் கொண்டுபோகப்பட்ட கப்பலுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் தமிழன் எழுவாய், இரண்டாவதில் செயப்படுபொருள். பெருமிதத்தின் இலக்கணத்தில் செயப்படுபொருளுக்கு இடமில்லை.

நம் பாஷையே இதற்குச் சாட்சி. ஒருவனுடைய மானம் போய்விட்டால் அது 'கப்பலேறிவிட்டது' என்கிறோம். எப்போதிலிருந்து அப்படிச் சொல்கிறோமோ. கப்பலேறுவதைப் பற்றி ஜனங்களுக்கு இருந்த அபிப்பிராயம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'தீவாந்தரம்' என்ற சொல்லும் அப்படித்தான். தண்டனைச் சட்டம் தெரியாதவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. 1802-க்குப் பிறகு கலகம் செய்யாதவர்களும் கப்பலேறினார்கள்: மொரீஷியஸுக்கு, இலங்கைக்கு, மலாயாவுக்கு, பிஜிக்கு. ஆப்பிரிக்க அடிமை முறை 1834-ல் சட்டப்படி முடிந்தபோது, காலியான கரும்புக் காட்டுக்கு நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலியாக. காப்டன் பிளட் விற்கப்பட்ட அதே ஜமைக்காவுக்கு 1845-லிருந்து இந்தியக் கூலிக் கப்பல்கள் போயின.

சினிமாவைவிட இலக்கியம் இங்கே கொஞ்சம் தேவலை. பிஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாரதி பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யாக எழுதினார். எழுதிய வருஷம் 1935, ஹாலிவுட்டில் 'காப்டன் பிளட்' தயாரான அதே வருஷம். ஒரே வருஷத்தில் இரண்டு கடல் கடந்த அடிமைக் கதைகள். ஒன்றில் கதாநாயகன் கப்பலைப் பிடிக்கிறான். மற்றதில் பிடிப்பதற்குக் கப்பல் இல்லை; தோட்டம், துரை, நோய். எது நிஜம் என்பது கேள்வியில்லை. எது கொட்டகைக்கு வரும் என்பதுதான். நமக்கு வந்தது முதலாவது.

*

துரைசாமியைப் பற்றி ஒரு சாட்சியம் இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830-ல் தன் நினைவுகளை இரண்டு தொகுதிகளாகப் பிரசுரித்தான். 1801-ல் மருதுவுக்கு எதிராகச் சண்டைபோட்ட படையில் இருந்தவன். அதற்கு முந்திய சமாதான காலத்தில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அதே சின்ன மருது. 1818-ல் வேலையாகப் பினாங்கு போகிறான். அங்கே தளர்ந்துபோன ஒரு கைதி அவன் முன் வந்து நிற்கிறான். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் வெல்ஷ் கலங்கிப்போகிறான்: துரைசாமி. பதினாறு வருஷத்தில் பையன் கிழவனாகியிருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: ஊரில் மிச்சமிருக்கும் மனுஷர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். வெல்ஷ் மறுத்துவிட்டான். அதிகாரி என்ற முறையில் தன் கடமை அதைத் தடுத்தது என்று எழுதிவைத்திருக்கிறான். அவன் வருத்தம் நிஜமானது என்றே நினைக்கிறேன். அதுதான் பயங்கரம். தனக்கு வளரி வீசக் கற்றுத்தந்தவரின் மகனுக்காக ஒரு காகிதத்தைச் சுமக்க முடியாத அளவுக்கு ஒரு நல்ல மனிதனை ஒரு கம்பெனியால் ஆக்கமுடியும்.

இந்தக் காட்சியை ஹென்றி பிட்மன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட்மன் தப்பினான், எழுதினான், அச்சாயிற்று. அதனால் காப்டன் பிளட் வந்தான். துரைசாமியின் கடிதம் பினாங்கைவிட்டுப் புறப்படவேயில்லை. அவனைப் பற்றி நமக்குத் தெரிவதும் அவனைத் தோற்கடித்தவர்களில் ஒருவன் எழுதியது. நமக்கு ஏன் சொந்த பீட்டர் பிளட் இல்லை என்பதற்கு வீரக்குறைவோ கற்பனைக்குறைவோ காரணமில்லை. தபால் நிறுத்தப்பட்டிருந்தது.

இதைச் சொன்னதும், அப்படியானால் பினாங்குக் கப்பலைப் படமாக எடுக்கவேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. எடுத்தால் எப்படி எடுப்பார்கள் என்று தெரியும். துரைசாமி மேல்தளத்தில் நின்று பத்து நிமிஷம் வசனம் பேசுவான், விலங்கு தெறிக்கும், கப்பல் திரும்பும். 'அட்மிரல் நெல்சன்' திரும்பவில்லை என்பதுதான் அதன் சரித்திரம். விலங்கு தெறிக்காதவர்களை நினைக்கத் தெரியாத சமூகம், விலங்கை உடைப்பவனுக்காக மட்டும் காத்திருக்கும். ஆயிரத்தில் ஒருவனுக்காகக் காத்திருந்து, மிச்சம் 999 பேரை மறந்துவிடும். அந்தத் தலைப்பு தன்னையறியாமல் சொன்ன உண்மை அது. மணிமாறனோடு கப்பலில் பாடிய கூட்டத்தின் ஒரு முகம்கூட என் ஞாபகத்தில் இல்லை. படம் அப்படி எடுக்கப்பட்டது. நானும் அப்படித்தான் பார்த்தேன்.

கிழவர் வேறுமாதிரி பார்த்தார். அவர் கதாநாயகனைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்தார். அவருக்கு 1802 தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவருக்குத் தெரிந்த தீவு அது ஒன்றுதான். ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு கப்பல் போனால் அது பினாங்குக்குத்தான் போகும் என்று அவர் தெரிந்துவைத்திருந்தார். சரித்திரம் படித்தவர்களிடம் அறுந்துபோன நூல் படிக்காத ஒருவர் கையில் அறுபடாமல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்தேன்.

டூரிங் டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். கிழவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு. அது கன்னித்தீவு இல்லை.